பூதக்கண்ணாடி சிஸ்டரும் முப்பத்தைந்தாவது ஆளும்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு எதிரில் ஒரு பெயர், முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர். எதிரில் சிஸ்டர். நாலடி தள்ளிப் போனதும் பூதக்கண்ணாடி. இரண்டாவது பெயர் அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதை யார் வைத்தது, எந்த வார்டில் முதலில் புழங்கியது என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி.

வேலை அப்படி. நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்று சட்டையில் குத்திய அட்டை சொல்லும். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் பழைய கதை. இப்போது அவள் வேலை மற்றவர்களைப் பார்ப்பது. யார் கை கழுவினார்கள், யார் குழாயைத் திறந்து மூடிச் சத்தம் மட்டும் காட்டினார்கள், யார் ஒரே கையுறையோடு இரண்டு கட்டில்களுக்குப் போனார்கள் என்று கதவோரம் நின்று குறித்துக்கொள்வாள். அவள் தலை தெரிந்தால் வார்டில் எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் ஓடும்.

பிறவியிலேயே அவள் அப்படி இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பச்சைக் குழந்தைகள் வார்டில் பொறுப்பு நர்சாக இருந்தாள். ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல். எல்லோரையும் நிறுத்திக் கை கழுவுகிறீர்களா என்று கேட்டாள். கழுவுகிறோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நம்பினாள். இரண்டு குழந்தைகள் பிழைத்தன, ஒன்று பிழைக்கவில்லை. அப்புறம் குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள்தான் போகிற போக்கில் சொன்னான், அந்தப் பக்கத்துக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீரே வரவில்லை என்று. வராத தண்ணீரில் பதினாறு பேர் கை கழுவியிருந்தார்கள். அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவள் மனம் முதலில் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வரும்.

வீட்டிலும் அதே பாடுதான். கல்லூரியிலிருந்து மகள் வந்தால் கையை வாங்கி முகர்ந்து பார்ப்பாள், சோப்பு வாசனை இருக்கிறதா என்று. வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். "உங்க அம்மாகிட்ட பொய் சொல்றதுக்கு, கயிறு அறுந்த லிஃப்ட்ல ஏறி நின்னுடலாம். அதுலயாவது பிழைக்க வழி இருக்கு" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்படி இருந்தவளுக்கு ஒரு திங்கட்கிழமை அந்த நோயாளி வந்து சேர்ந்தான். சரக்கு வண்டிகளோடு தூர தேசம் போய் வருகிறவன். கண் சிவந்து, உடம்பு கொதித்து, ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சாயங்காலமே அவனை மாடியில் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். அறைக்கு முன்னால் ஒரு சின்ன உடை மாற்றும் இடம், அங்கே ஒரு பதிவேடு, பாதுகாப்பு உடைகள் அடுக்கிய பெட்டி. உள்ளே போகிறவர்கள் மேலங்கி, முகமூடி, கண்ணாடி, இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, பெயரும் நேரமும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். வியாழக்கிழமை அவன் இறந்துபோனான். சனிக்கிழமை காலை பரிசோதனை முடிவு வந்தது.

பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரி முழுக்க அவர் பொறுப்பில்தான் இருந்தது. காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதில் இருந்த நோயின் பெயரை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. ரத்தம், வாந்தி, வியர்வை எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும் காய்ச்சல். ஒட்டியதா இல்லையா என்று தெரிய இருபத்தொரு நாள் வரை காத்திருக்க வேண்டும். வந்தால் பாதிப் பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

"யார் யார் அவன் கிட்ட போனாங்கன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்கு லிஸ்ட் வேணும் சிஸ்டர். தினம் ரெண்டு வேளை எல்லாருக்கும் காய்ச்சல் பார்க்கணும். ஒருத்தர்கூட விடுபடக் கூடாது."

"சரிங்க சார்."

"விதிமுறை மீறினது யாரா இருந்தாலும் நடவடிக்கை உண்டுன்னு நோட்டீஸும் போட்டுடறேன். அப்பத்தான் பயம் இருக்கும்."

அதுவும் நல்லதுதான் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

பதிவேட்டிலிருந்தும் வேலை அட்டவணையிலிருந்தும் முப்பத்து நான்கு பேர் தேறினார்கள். அவளும் அதில் ஒருத்தி. புதன்கிழமை இரண்டு தடவை உள்ளே போயிருந்தாள். மருந்துக் கிடங்கை ஒட்டிய சின்ன அறையில் மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். கையில் ஒரு படிவம். 'பாதுகாப்பு உடைகள் யாவும் அணிந்திருந்தீர்களா? ஆம் / இல்லை.'

ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தார். "எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் போனேன் சிஸ்டர்." ரத்தம் எடுத்த லேப்காரர் வந்தார். "எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் போனேன் சிஸ்டர்." இப்படியே முப்பத்து மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வாக்கியம். ஒருவருக்காவது முகமூடி நழுவவில்லை, ஒருவருக்காவது கையுறை கிழியவில்லை. இருபத்திரண்டு வருஷ ஆஸ்பத்திரி வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான நாலு நாளை அவள் கேள்விப்பட்டதே இல்லை. முப்பத்து மூன்று 'ஆம்' மேஜையில் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை யாரும் தொந்தரவு செய்யாத நேரம் பார்த்து நோயாளியின் குறிப்புத் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஒரு குறிப்பு: நிறைய வாந்தி, தரையெல்லாம். எழுதியது அன்றைய டியூட்டி நர்ஸ், சுருள்முடி என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண். பதினொன்றே காலுக்கு டாக்டர் வந்து பார்த்திருக்கிறார். அவர் குறிப்பில் தரையைப் பற்றிப் பேச்சே இல்லை. பதிவேட்டை எடுத்தாள். பத்து ஐம்பதுக்குச் சுருள்முடி உள்ளே போயிருக்கிறாள், ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்திருக்கிறாள். அடுத்த பெயர் டாக்டருடையது. அவ்வளவு வாந்தியை ஐந்து நிமிஷத்தில் ஒரு ஆள் துடைத்து, படுக்கை மாற்றி, உடையையும் கழற்றிவிட்டு வர முடியாது. உடைகளை எண்ணினாள். பெட்டியிலிருந்து போனது ஐம்பத்திரண்டு, பதிவேட்டில் இருந்த வரிகளும் ஐம்பத்திரண்டு. அப்படியானால் உள்ளே ஒரு ஆள் போயிருக்கிறது, உடையே இல்லாமல்.

மறுநாள் சுருள்முடியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை தரையை யாரு துடைச்சா?"

"நான்தான் சிஸ்டர்."

"அஞ்சு நிமிஷத்துலயா?"

"சுமாராத்தான் இருந்துச்சு."

"நிறையன்னு நீதானே எழுதியிருக்கே?"

சுருள்முடி தன் கை நகங்களைப் பார்த்தாள். "எனக்குச் சரியா ஞாபகம் இல்லை சிஸ்டர்" என்றாள். அதற்குமேல் எத்தனை விதமாகக் கேட்டும் பிடி கொடுக்கவில்லை.

அந்த இரண்டு மூன்று நாளில் ஆஸ்பத்திரியே மாறிப்போனது. யாராவது தும்மினால் வராந்தாவில் பேச்சு நின்றது. கேண்டீனில் பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும் காகிதக் கோப்பை. பட்டியல் ரகசியம் என்று பெயர்தான். டிரைவரின் வீட்டு உரிமையாளர் அவரை வாசலிலேயே நிறுத்தி, மூன்று வாரம் வேறெங்காவது இருந்துவிட்டு வரச் சொல்லிவிட்டாராம். பூதக்கண்ணாடிதான் வெளியே சொல்லியிருப்பாள் என்று பேச்சு கிளம்பியது. அவள் நடந்து போனால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்கள். அவளும் சும்மா இல்லை. காய்ச்சல் அட்டையில் லேப்காரருக்கு ஆறு வேளையும் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. ஆணி அடித்த மாதிரி அதே எண். அவருடைய தெர்மாமீட்டரை வாங்கி அமுக்கிப் பார்த்தாள். பேட்டரி செத்துக் கிடந்தது.

"கழுத்துல கை வெச்சுப் பார்த்தேன் சிஸ்டர். சூடு இல்லை. அதான்..."

"உங்க கைக்குப் புள்ளி நாலுகூடத் தெரியுமா?"

அன்று முதல் யாரும் தன் காய்ச்சலைத் தானே எழுதக் கூடாது, இன்னொருவர்தான் பார்த்து எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டாள். நண்பர்களாக இருந்தவர்கள் ஒருவர் நெற்றியை ஒருவர் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

திங்கள் சாயங்காலம் வீட்டில் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "அந்த ரூமுக்குள்ள நீயும் போனியா?"

"எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் போனேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் காதில் அது விழுந்தது. அதே வாக்கியம், அதே இழுப்பு.

போன புதன்கிழமை இரண்டாம் தடவை உள்ளே போய் வந்து உடை கழற்றும்போது ஒன்று நடந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றியதும் வியர்வை வழிந்து வலது கண்ணில் எரிந்தது. யோசிக்காமல் விரலால் துடைத்துவிட்டாள். கையுறை போட்ட விரல். மேல் கையுறையை அதற்குள் கழற்றியிருந்தாளா, இல்லையா? கழற்றியிருந்தேன் என்று அன்றே மனத்துக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டாள். பட்டியலில் தன் பெயருக்கு நேரே 'அபாயம் குறைவு' என்று எழுதியதும் அவளேதான். வேறு யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அவனைத் துருவி எடுத்திருப்பாள்.

அன்றைக்கு வீட்டுக்காரர் தன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். முதுகு வலி, தரையில் படுத்தால் தேவலை என்றார். அவருக்கு முதுகு வலி வந்து அவள் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை துப்புரவுப் பணியாளர்களின் அறைக்குப் போனாள். அவர்கள் ஆஸ்பத்திரியின் ஆட்கள் இல்லை, ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள். மேஸ்திரி தாளை நீட்டினார். போன செவ்வாய்க்கிழமை மாடியில் எங்கள் ஆள் யாரும் இல்லை, எல்லோரும் கீழ்த்தளம் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே மூலையில் ஒருத்தி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே நழுவினாள். மின்னல் என்று கூப்பிடுவார்கள். ஒரு நீள வராந்தாவை மற்றவர்கள் பாதி துடைப்பதற்குள் முழுசும் முடித்துவிட்டு நிற்பாள். வாய்த் துடுக்கு வேறு. "சிஸ்டர், என் துடைப்பத்துக்கும் கை கழுவி விடவா?" என்று பூதக்கண்ணாடியையே கேட்டு வம்பிழுக்கிற ஒரே ஆள். அப்படிப்பட்டவள் நாலு நாளாகக் கண்ணிலேயே படவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வராந்தாத் திருப்பத்தில் எட்டிப் பிடித்தாள். "என்னம்மா, ஆளையே காணோம்?"

"நான் அந்த ரூம் பக்கமே போகலை சிஸ்டர்."

"எந்த ரூம்னு நான் கேட்கவே இல்லையே."

மின்னல் வாளியைக் கீழே வைத்தாள். முகம் கல்லாகிவிட்டது. "எனக்கு வேலை கிடக்கு" என்றாள். பூதக்கண்ணாடி விடவில்லை. திரும்பிப் போய் மேஸ்திரியிடமே சொன்னாள், அந்தப் பெண்ணை நாளைக்கு என் அறைக்கு அனுப்புங்கள், ஒழுங்காகப் பதில் சொல்லச் சொல்லுங்கள் என்று. மேஸ்திரி எப்படிச் சொன்னாரோ, என்ன மிரட்டினாரோ. புதன்கிழமை மின்னல் வேலைக்கு வரவில்லை. போன் அணைந்து கிடந்தது.

அன்று மதியம் சுருள்முடி தானாகவே அந்தச் சின்ன அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"துரத்தி விட்டுட்டீங்க இல்ல? இப்ப சந்தோஷமா?"

"அப்ப அவதானா?"

"நான் வெளியில டிரெஸ் மாட்டிக்கிட்டு இருந்தேன். பாதி மாட்டியாச்சு. அவன் உள்ள கட்டில்ல இருந்து இறங்கப் பார்த்தான். கீழ பூரா வாந்தி. காலை வெச்சிருந்தான்னா விழுந்து மண்டை போயிருக்கும். அவ ஏதோ எடுக்க மாடிக்கு வந்தவ, கதவுக் கண்ணாடி வழியாப் பார்த்துட்டு உள்ள ஓடிட்டா. நான் கத்தினேன், அவ காதுல வாங்கலை. புடிச்சுப் படுக்க வெச்சா. அப்புறம், வந்ததே வந்துட்டேன்னு தரையையும் துடைச்சிட்டா. கையில சாதா கையுறை, அதுவும் கிழிசல். மாஸ்க் இல்லை."

"இதை ஏன் நீ முதல்லயே சொல்லலை?"

"சொன்னா என்ன ஆகும்? நோட்டீஸைப் படிச்சீங்கல்ல? எனக்கு மெமோ. அவளுக்கு வேலையே போயிடும். இந்த ஆஸ்பத்திரியில உங்ககிட்ட உண்மை சொல்லி நல்லா இருந்தவங்க யாரு சிஸ்டர்?"

சுருள்முடி போன பிறகு அவள் வெகுநேரம் அந்தப் படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று பேர் பொய் சொல்லியிருந்தார்கள் என்றால், அந்தப் பொய்யை அச்சடித்துக் கையில் கொடுத்தது யார்? உண்மை சொன்னால் தண்டனை, பொய் சொன்னால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். குழந்தைகள் வார்டிலும் அன்று அப்படித்தான். தண்ணீர் வரவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், ஏன் உடனே சொல்லவில்லை என்று முதலில் கடித்துக் குதறியிருப்பது அவளேதான்.

எழுந்து நேரே பெரிய டாக்டரிடம் போனாள்.

"சார், அந்த நோட்டீஸை எடுத்துடுங்க. யாரு மேலயும் நடவடிக்கை இல்லை, தனிச்சு வைக்கிற நாளுக்குச் சம்பளம் உண்டு, வேலை போகாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. துப்புரவு ஆளுங்களுக்கும் சேர்த்து."

"விதியை மீறினவங்களுக்கு நான் உத்தரவாதம் எழுதித் தரணுமா?"

"மீறினவங்கள்ல நானும் ஒருத்தி சார்."

கண்ணைத் துடைத்த கதையைச் சொன்னாள். எந்தக் கையுறை என்று தெரியாது என்பதையும் சொன்னாள். பெரிய டாக்டரின் நாற்காலி அரையடி பின்னால் போனது. அவரே அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. அவள் கவனித்தாள், கவனித்துத்தானே பழக்கம்.

"உங்களையே நம்ப முடியலைன்னா நான் யாரை நம்பறது சிஸ்டர்?" என்றார் கடைசியில்.

"யாரையும் நம்ப வேண்டாம் சார். சொல்றதுக்குப் பயம் இல்லாம பண்ணினாப் போதும்."

ஒப்பந்தக்காரரைப் போனில் கூப்பிட்டு அவர் இரைந்து பேசியது வெளியே உட்கார்ந்திருந்த அவளுக்குக் கேட்டது. அரைமணி நேரம் கழித்துக் காகிதம் வந்தது. இரண்டு கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள்.

வியாழக்கிழமை காலை எல்லோரையும் உள்முற்றத்தில் தள்ளித்தள்ளி நிற்கவைத்து அதை வாசித்தாள். யாரும் அசையவில்லை. இதிலும் ஏதோ வலை இருக்கிறது என்ற பார்வைதான் எல்லோரிடமும். அப்புறம் வேறொரு தாளை எடுத்தாள். "அபாயம் அதிகம்னு ஒரு லிஸ்ட் போட்டிருக்கேன். அதுல முதல் பேரு என்னோடது" என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னாள். பின்வரிசையில் யாரோ "பூதக்கண்ணாடியா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மதியத்துக்குள் ஐந்து பேர் அந்தச் சின்ன அறைக்கு வந்தார்கள். டிரைவர் மூச்சு முட்டியதால் வண்டியில் முகமூடியை இறக்கிவிட்டிருந்தார். லேப்காரரின் கையில் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய் ஒன்று விரிசல் விட்டிருந்தது, கசிந்ததைத் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. "வீட்ல கைக்குழந்தை இருக்கு சிஸ்டர். அஞ்சு நாளாத் தூக்காம என்னென்னவோ சாக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

மின்னலின் வீட்டு முகவரியைச் சுருள்முடி கொடுத்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து, தகரக் கதவு. பூதக்கண்ணாடி தெருவிலேயே நாலடி தள்ளி நின்று கூப்பிட்டாள். கதவு ஒரு சாண் திறந்தது.

"போலீஸைக் கூட்டிட்டு வரலையா?"

"தனியாத்தான் வந்திருக்கேன்."

"மேஸ்திரி முந்தாநேத்தே சொல்லிட்டாரு, நான் ரூமுக்குள்ள போனது உண்மைன்னா வேலையும் இல்லை, ஜெயிலுன்னு."

காகிதத்தை மடித்துக் கதவடியில் தள்ளினாள். மின்னல் அதை அங்கேயே குந்தி உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தாள். மூன்றாம் தடவை முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இதை நம்பி நான் வந்தா, உள்ள போட்டுப் பூட்டிட்டு நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவீங்க."

"பக்கத்து ரூம்லதான் நானும் இருக்கப் போறேன். நான் வீட்டுக்குப் போறது உனக்கு அப்புறம்தான்."

மின்னல் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எதுக்கு?" காரணத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "ஊரு பூரா கை கழுவச் சொல்லிட்டு" என்றாள். உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள்.

கிளம்புமுன் பூதக்கண்ணாடி தன் வீட்டுக்காரருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். "நான் கேட்டப்போ சொல்லியிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரி வளாகத்தில் காலியாகக் கிடந்த பழைய நர்ஸ் விடுதியில் ஏழு பேருக்கு ஏழு அறை. யாரும் யாருடைய அறைக்குள்ளும் போகக் கூடாது. வராந்தாவில் நின்று பேசலாம், தூரமாக. சுவர் மெல்லியது. யார் எத்தனை தடவை இருமினார்கள் என்று மற்ற ஆறு பேருக்கும் தெரியும். காலையில் லேப்காரர் தொண்டையைக் கனைத்தால் டிரைவர் ஜன்னலைச் சாத்துவார். அவளுக்கோ ஒவ்வொரு தலைவலியும் ஒரு விசாரணை. வெயிலா, தூக்கமில்லாமையா, அதுவா? கண்ணாடி முன்னால் நின்று வலது கண்ணின் சிவப்பை இடது கண்ணோடு ஒப்பிடுவாள். இத்தனை வருஷம் மற்றவர்களை வைத்துப் பார்த்த பார்வை இப்போது அவள் மேலேயே திரும்பியிருந்தது. தினமும் மதியம் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். ஐந்து நிமிஷம். கையசைப்பார், போய்விடுவார். பாசத்தில் வருகிறாரா, இல்லை இன்றைக்கு எப்படி இருக்கிறாள் என்று வேவு பார்த்துவிட்டுப் போகிறாரா? அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. நினைப்பு மட்டும் நிற்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை மின்னலின் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினாள். தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. மின்னல் உள்ளே போனதிலிருந்து கணக்கிட்டால் பதிமூன்றாம் நாள்.

"வெயில்ல துணி காயப் போட்டேன் சிஸ்டர். அதான்."

கொடியில் துணி இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை. "சரி, அரைமணி கழிச்சுப் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராந்தாவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வாயைப் பிடுங்கவில்லை, பையைச் சோதிக்கவில்லை. அவளுக்கு அதுதான் மிகவும் கடினமாக இருந்தது. மின்னல் கதவைச் சாத்தினாள். பத்து நிமிஷம் ஆயிற்று. கதவு திறந்தது.

மின்னல் கையில் ஒரு மாத்திரைப் பட்டை. காய்ச்சல் மாத்திரை. பத்தும் அப்படியே இருந்தன.

"விடிஞ்சதுல இருந்து இதை முழுங்கலாமா வேண்டாமான்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றாள். "முழுங்கினாக் காய்ச்சல் தெரியாது. இன்னும் ஒரு வாரம் ஓட்டிட்டா வீட்டுக்குப் போயிடலாம். உங்ககிட்ட மறைக்கறது பெரிய விஷயமா இருந்திருக்காது சிஸ்டர், நீங்க என்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்திருந்தீங்கன்னா." பட்டையை வாசற்படியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். "இப்ப பாருங்க."

நூறு புள்ளி எட்டு.

முழு உடையோடு இரண்டு பேர் வந்து ஒரு மணி நேரத்துக்குள் அவளை மாடித் தனி அறைக்கு மாற்றினார்கள். அன்று உடையில் ஒவ்வொரு நாடாவையும் இன்னொருவர் சரிபார்த்தார். ஒருவருக்குக் கையுறை நழுவியபோது அவரே கையைத் தூக்கி எனக்கு நழுவிடுச்சு என்றார். மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. அதே காய்ச்சல்தான். பத்தொன்பது நாள் மின்னல் படுத்த படுக்கை. அதில் நாலு நாள் ஆஸ்பத்திரியே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தொடக்கத்திலேயே கண்டுகொண்டதால் பிழைத்தாள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். முடி கொட்டி, இடது காது மந்தமாகி, பாதி எடையில் எழுந்து உட்கார்ந்தாள். மின்னலின் வீட்டிலும் மற்ற முப்பத்து நான்கு பேரிலும் யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

அவளுக்கும் இருபத்தொரு நாள் முடிந்தது. மின்னலுக்குக் கொடுத்த வார்த்தைக்காக வீட்டுக்குப் போகாமல், அவள் குணமாகி வீட்டுக்குப் போன நாள் வரை அந்த விடுதியிலேயே இருந்தாள். வீடு திரும்பியபோது மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் தலையணையை உள்ளே கொண்டுவந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவள் எதையாவது சொல்லும்போது அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்ப்பார், இது முழு உண்மைதானா என்பதுபோல. அந்தப் பார்வையை அவள் நன்றாக அறிவாள். அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

படிவத்தை அவள் மாற்றி எழுதினாள். ஆம், இல்லை என்ற கட்டங்கள் போயின. 'எந்த இடத்தில் சறுக்கியது?' என்று ஒரே கேள்வி, கீழே நிறைய இடம். சறுக்கியிருக்கும் என்று கேள்வியே ஒப்புக்கொண்டுவிடுவதால் எழுதுகிறவர்களுக்குக் கூச்சம் இல்லை. முதல் மாதம் ஒரு கட்டுக் காகிதம் நிறைந்தது. பெரிய டாக்டர் அதைப் பார்த்து, நம் ஆஸ்பத்திரி இவ்வளவு மோசமா என்று கேட்டார். முன்னாலும் இப்படித்தான் சார், எழுதத்தான் இடம் இல்லை என்றாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவில்லை. சுருள்முடி அவளோடு கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மின்னல் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் மாதம், ஆட்குறைப்பு என்று ஒப்பந்தக்காரர் அவளை நிறுத்தினார். காகிதத்தில் எழுதியிருந்தது காய்ச்சல் காரணமாக வேலை போகாது என்றுதானே, இது வேறு காரணம் என்றார். பொய் என்று பூதக்கண்ணாடிக்குத் தெரியும், நிரூபிக்க வழி தெரியவில்லை. பெரிய டாக்டரிடம் முறையிட எத்தனையோ தடவை மாடி ஏறி இறங்கினாள். ஆறாவது தடவை அவர் எரிச்சலோடு, சலவைப் பிரிவில் ஆஸ்பத்திரியின் சொந்த ஆளாகவே ஓர் இடம் போட்டுத் தந்தார். ஆணையை எடுத்துக்கொண்டு அவள் தகரக் கதவுக்குப் போனாள். இந்தத் தடவை மின்னல் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். நல்ல காதை அவள் பக்கம் திருப்பி, என்னென்ன வேலை, மேலே யார், லீவு எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு ஆணையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"பின்னாடி ஒண்ணும் இல்லை" என்றாள் பூதக்கண்ணாடி.

"தெரியும். இருந்தாலும் பார்த்துக்கிறேன்" என்றாள் மின்னல்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மின்னல் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள்.